நூற்றெட்டுத் திபேத்தியர் கூறியது என்ன?

2008-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள், கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் பெய்ஜிங் பந்தயத்துக்கான சுடர் ஏற்றப்பட்டது. ஏற்றிய வேளையிலேயே கூச்சல் எழுந்தது. அடுத்து வந்த வாரங்களில் இலண்டனில் சுடரைப் பறிக்க முயன்றனர். பாரிசில் காவலர்களே அதைப் பலமுறை அணைத்துப் பேருந்தில் ஏற்றிக் கொண்டு சென்றனர். சான் பிரான்சிஸ்கோவில் மக்கள் ஓரிடத்தில் காத்து நிற்க, சுடர் வேறொரு வழியே போயிற்று. இந்தியக் காற்பந்துத் தலைவர் பைச்சுங் பூட்டியா சுடரை ஏந்த மறுத்தார். ஏப்ரல் 21-ஆம் நாள் அது கோலாலம்பூருக்கும் வந்து சென்றது. திபேத்துக்கு விடுதலை வேண்டும் என்ற அட்டைகள் ஒரு பக்கம், சீனத்தின் செங்கொடிகள் மறு பக்கம். இவற்றுக்கிடையே ஏடுகளெல்லாம் ஒரே வினாவை எழுப்பின: பந்தயத்திற்குப் போவதா, புறக்கணிப்பதா?

பொதுமக்கள் கருத்து என்று அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. எந்தப் பொதுமக்கள்? பாரிசு மக்களின் கருத்து தெரிந்தது. பெய்ஜிங் இளைஞரின் கருத்தும் தெரிந்தது. ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் கருத்து ஏப்ரல் 10-ஆம் நாள் தீர்மானமாகவே வந்தது. தலாய் லாமாவுடன் பேச்சு மீண்டும் தொடங்காவிடில் தலைவர்கள் தொடக்க விழாவுக்குப் போகாதிருக்கலாம் என்று அது கூறிற்று. யாருக்காக இத்தனை வாதமோ, அந்தத் திபேத்தியரின் கருத்து, அதிலும் தாய்மண்ணிலேயே வாழும் திபேத்தியரின் கருத்து, எங்கே கிடைத்தது?

ஒருவர் அதைக் கேட்டு வைத்திருந்தார். அவர் பேராசிரியர் அல்லர், செய்தியாளரும் அல்லர். பள்ளிக்கூடம் போகாத ஓர் உழவர். பெயர் தோந்துப் வாங்சென். திபேத்தின் வடகிழக்குப் பகுதியாகிய ஆம்தோவில், இன்றைய சீனத்தின் சிங்காய் மாநிலத்தில், 1974-இல் பிறந்தவர். 2007 அக்டோபரிலிருந்து 2008 மார்ச்சு வரை, ஒரு சிறிய படப்பெட்டியுடன் ஊர் ஊராகவும் கூடாரம் கூடாரமாகவும் சென்று 108 பேரை அவர் பேச வைத்தார். கோலோக் ஜிக்மே என்ற துறவி அவருக்குத் துணை. (திபேத்தியர் உருட்டும் செபமாலையிலும் மணிகள் 108 என்பதைப் படிப்போர் அறிவர்.) பதிவான நாடாக்கள் சுவிட்சர்லாந்திலிருந்த உறவினரிடம் சேர்க்கப்பட்டு, அங்கே 25 நிமிடப் படமாகத் தொகுக்கப்பட்டன. திபேத்திய மொழியில் அதன் பெயர் 'ஜிக்த்ரெல்'. அச்சம் நீங்கிய நிலை என்பது அதன் பொருள். பந்தயம் தொடங்க இரண்டு நாள் இருக்கையில், ஆகஸ்டு 6-ஆம் நாள், பெய்ஜிங் விடுதியறை ஒன்றில் வெளிநாட்டுச் செய்தியாளர் சிலருக்கு அது மறைவாகத் திரையிடப்பட்டது.

இப்படத்தைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதன் துணிவைப் போற்றியதோடு நின்றுவிட்டனர். துணிவு போற்றத்தக்கதே. ஆயினும் ஒரு படம் சான்றாக நம்முன் வைக்கப்படும்போது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று நிறுத்துப் பார்ப்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை. வெறும் புகழ்ச்சி அதைச் செபமாலையோடு செபமாலையாக ஆணியில் மாட்டிவிடும்.

முதலில் படத்தின் அமைப்பைக் காண்போம். கலை நயம் என்று சொல்லத்தக்கது அதில் குறைவு. படப்பெட்டி ஆடுகிறது, ஒளி போதவில்லை, காற்றின் இரைச்சல் பேச்சை மறைக்கிறது. தோந்துப் வாங்சென் தாமே படப்பெட்டியின்முன் அமர்ந்து, தாம் படிக்காதவர் என்று ஒப்புக்கொண்டு, தம் நோக்கத்தைச் சொல்கிறார். பிறகு முதியவர், இளைஞர், துறவியர், கால்நடை மேய்ப்போர் என ஒவ்வொருவராக வருகின்றனர். வினாக்கள் எளியவை. ஒலிம்பிக் பந்தயத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? தலாய் லாமாவைப் பற்றி? உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது?

ஒலிம்பிக் என்றதும் அவர்கள் பேசுவது ஓட்டத்தையோ பதக்கத்தையோ பற்றியன்று. பந்தயம் சீனத்துக்குக் கொடுக்கப்பட்டபோது உரிமைகள் பெருகும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அது நிறைவேறவில்லை என்பதே பேச்சின் சாரம். இந்த எதிர்பார்ப்பு திபேத்தியரின் கற்பனையும் அன்று. 2001 சூலையில் மாஸ்கோ நகரில் பெய்ஜிங்கைத் தேர்ந்தெடுத்தபோது, பந்தயம் வந்தால் மனித உரிமை வளரும் என்று சீனத்துப் பொறுப்பாளர்களே கூறியிருந்தனர். மலைச்சாரலில் எருமை மேய்க்கும் ஒருவர், ஒலிம்பிக் குழுவினர் மறந்துபோன ஒரு வாக்கை நினைவில் வைத்திருக்கிறார். படத்தின் மிக வலிய பகுதி இதுவே என்பேன்.

பின்னர் பேச்சு வேறு திசைக்குத் திரும்புகிறது. மொழி தேய்ந்து வருகிறது. வெளியிலிருந்து குடியேறுவோர் பெருகுகின்றனர். மேய்ச்சல் நிலத்தைவிட்டு ஓரிடத்தில் குடியமர்த்தப்படுகிறோம் என்ற முறையீடுகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, தலாய் லாமா திரும்பி வரவேண்டும் என்ற ஏக்கம். சாவதற்குள் ஒருமுறை அவரைக் கண்டுவிட வேண்டும் என்று முதியவர்கள் சொல்கின்றனர். 2007 அக்டோபரில் அமெரிக்கப் பாராளுமன்றம் தலாய் லாமாவுக்குப் பொற்பதக்கம் வழங்கிய காட்சியை மக்கள் கூடி அமர்ந்து பார்ப்பதும் படத்தில் வருகிறது. ஒலிம்பிக்கைப் பற்றிய இப்படத்தில் நாம் காணும் பதக்கம் அது ஒன்றுதான்.

இனி, சான்று என்ற முறையில் இதன் குறைகளைக் கூறியாக வேண்டும். நூற்றெட்டுப் பேரிடம் எடுத்த பதிவு முப்பது மணி நேரத்துக்கு மேல். நாம் காண்பது 25 நிமிடம். திரையில் தோன்றுவோர் ஏறத்தாழ இருபது பேர். மற்றவர் என்ன சொன்னார்கள், எந்த அளவுகோலால் அவர்கள் விலக்கப்பட்டார்கள் என்பது படத்திலிருந்து விளங்கவில்லை. படம் எடுத்தவர் தாம் நம்பியவரையே, தம்மை நம்பியவரையே அணுகினார். அவர் நிலையில் வேறு வழியில்லை. அயலாரை அணுகியிருந்தால் முதல் வாரத்திலேயே சிறைப்பட்டிருப்பார். ஆனால் அதன் விளைவாக, அரசுப் பணியிலுள்ள திபேத்தியர், புதிய வாணிபத்தால் வளம் பெற்றோர், பெய்ஜிங் பந்தயத்தைப் பெருமையாகக் கருதியவர் (இத்தகையோர் ஒருவரும் இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது) இப்படத்தில் இடம் பெறவில்லை. ஆம்தோ ஒரு பகுதி. இலாசா நகரின் எண்ணம் அதிலிருந்து சிறிது வேறுபடலாம். கணக்கியல் கற்றவர் எவரும் இதை நாட்டுக் கருத்தின் அளவீடு என்று ஏற்கமாட்டார்.

ஏற்க வேண்டியதும் இல்லை. இப்படத்தின் பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது. உலகம் கேட்ட வினாவையும் இம்மக்கள் தந்த விடையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உலகம் கேட்டது, விடுதலை வேண்டுமா வேண்டாமா, புறக்கணிப்பு வேண்டுமா வேண்டாமா என்பது. இவர்கள் சொன்னது, அவர் திரும்பி வரவேண்டும் என்பது. இந்த விடையை மேலை நாட்டார் பலர் சமயப் பற்று என்று ஒதுக்கினர். சீன அரசு அதைப் பிரிவினை என்று படித்தது. இரண்டு வாசிப்பும் குறையுடையவை. தலாய் லாமா திரும்புவது என்றால், அவர் திரும்பி வாழத்தக்க ஒரு திபேத்து வேண்டும். அவர் படத்தை வீட்டில் மாட்டலாம் என்ற நிலை வேண்டும், பிள்ளைகள் தம் மொழியில் படிக்கும் பள்ளி வேண்டும், மடங்களில் காவலர் கூட்டம் குறைய வேண்டும். அது விடுதலை என்ற சொல்லைவிடச் சிறியதா, பெரியதா? சட்ட நூலைக் கொண்டு அளக்க முடியாது.

1988 சூனில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் தலாய் லாமா முழு விடுதலைக் கோரிக்கையைக் கைவிட்டு, சீனத்துக்குள்ளேயே தன்னாட்சி என்ற நிலைக்கு வந்தார். நடுவழி என்று அதை அழைக்கின்றனர். திபேத்திய இளைஞர் காங்கிரசு போன்ற அமைப்புகள் அதை ஏற்காமல் விடுதலையே குறிக்கோள் என்று நிற்கின்றன. 2008 நவம்பரில் தர்மசாலாவில் கூடிய பெருங்கூட்டம் ஒன்றுக்கு முன்பாக, நாடு கடந்து வாழும் திபேத்தியரின் ஆட்சிக் குழு தாய்மண்ணில் உள்ளோரின் எண்ணத்தையும் இயன்ற வழியில் திரட்டிற்று. 17,000-க்கு மேற்பட்டோரின் கருத்து கிடைத்ததாகவும், அவர்களுள் 5,000-க்கு மேற்பட்டோர் முழு விடுதலை கேட்டதாகவும், 2,000-க்கு மேற்பட்டோர் நடுவழியை ஏற்றதாகவும், 8,000-க்கு மேற்பட்டோர் தலாய் லாமா எடுக்கும் முடிவே எம் முடிவு என்றதாகவும் அது அறிவித்தது. இதிலும் கணக்கியல் குறைகள் உண்டு. கேட்டவரே ஒரு கட்சிக்காரர். எனினும் அந்த 8,000 என்ற எண்ணைப் பார்க்கும்போது, தோந்துப் வாங்செனின் படத்தில் கேட்ட குரல்களே நினைவுக்கு வருகின்றன. விடுதலைக் கட்சியார் அவர்களைத் தம்மவர் என்பர். நடுவழியார் தம்மவர் என்பர். அவர்களோ வினாவின் கட்டங்களுக்குள் நிற்க மறுத்து, வினாவையே ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டனர்.

புறக்கணிப்புக்கு வருவோம். விளையாட்டில் அரசியல் கலக்கலாகாது என்று அப்போது பலர் உபதேசித்தனர். சீன அரசும் அதையே சொல்லிற்று. அந்த உபதேசம் சீனத்தின் வாயில் பொருந்தவில்லை. தைவான் கலந்துகொள்கிறது என்பதற்காக 1956 மெல்போர்ன் பந்தயத்தைப் புறக்கணித்த நாடு சீனம். ஆப்கானிஸ்தானில் சோவியத்துப் படை புகுந்ததைக் கண்டித்து 1980 மாஸ்கோ பந்தயத்துக்குப் போகாத நாடும் சீனம். நாடுகளின் கொடி ஏற்றி, நாட்டுப் பண் இசைத்து நடத்தும் ஒரு விழாவிலிருந்து அரசியலைப் பிரித்தெடுப்பது பாலில் கலந்த நீரைக் கையால் பிரிப்பது போன்றது.

ஆனால் எதிர்த்தரப்பாருக்கும் நாம் ஒரு வினா விடுக்க வேண்டும். யார் கேட்டுப் புறக்கணிப்பது? தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசை விளையாட்டரங்கிலிருந்து விலக்க வேண்டும் என்று முழங்கியவர்களுள் முன்னின்றவர்கள், அந்நாட்டில் ஒடுக்கப்பட்டவர்களே. கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ் அதற்காகச் சிறை சென்றார். 1964-இல் அழைப்பை மறுத்ததும், 1970-இல் விலக்கியதும், 1976-இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியலை விட்டு வெளியேறியதும் அந்தக் குரலின் பின்னால் நடந்தவை. திபேத்து நிலைமை அவ்வாறில்லை. தலாய் லாமா புறக்கணிப்பைக் கோரவில்லை. சீன மக்கள் பந்தயத்தை நடத்தட்டும் என்றே கூறினார். இப்படத்தில் தோன்றும் மக்களின் பேச்சிலும் ஓங்கி நிற்பது உலகம் வந்து பார்க்கட்டும், நாங்கள் சொல்வதைக் கேட்கட்டும் என்ற வேட்கை. வராதீர்கள் என்பதற்கும் வந்து பாருங்கள் என்பதற்கும் உள்ள தொலைவைப் பாரிசுத் தெருவில் கூவியவர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

புறக்கணிப்பின் விலையை நம் நாட்டு விளையாட்டாளர் அறிவர். 1980 ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ செல்லத் தகுதி பெற்றது மலேசியக் காற்பந்து அணி. 'சிலந்தி மனிதர்' என்று பெயர் பெற்ற ஆர். ஆறுமுகம் அவ்வணியின் கோல் காவலர். மலேசியாவும் சிங்கப்பூரும் அவ்வாண்டு புறக்கணிப்பில் சேர்ந்தன. அணி வீட்டிலேயே இருந்தது. சோவியத்துப் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியது 1989-இல். அது தவறான முடிவு என்று இங்கே தீர்ப்புக் கூற வரவில்லை. விலையைக் கொடுத்தவர் யார் என்பதை மட்டும் குறித்து வைக்கிறோம்.

திபேத்துக்காக இம்மண் செய்த வேறொன்று உண்டு. அது இன்று பலருக்கு மறந்துவிட்டது. 1959 மார்ச்சில் இலாசாவில் எழுச்சி நசுக்கப்பட்டுத் தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பி வந்த ஆண்டில், திபேத்துப் பிரச்சினையை ஐக்கிய நாடுகளின் பொதுச் சபைக்குக் கொண்டு வந்த நாடுகள் இரண்டு: அயர்லாந்து, மற்றொன்று விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகளான மலாயாக் கூட்டரசு. திபேத்திய மக்களின் அடிப்படை மனித உரிமைகளையும் அவர்தம் தனிப்பட்ட பண்பாட்டு, சமய வாழ்க்கையையும் மதிக்க வேண்டும் என்ற அத்தீர்மானம் அக்டோபர் 21-ஆம் நாள் 45-க்கு 9 என நிறைவேறிற்று; 26 நாடுகள் வாக்களிக்காமல் இருந்தன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று! 1961 தீர்மானத்தில் சுயநிர்ணய உரிமை என்ற சொல்லும் சேர்ந்தது. அதை முன்மொழிந்தோருள்ளும் மலாயா இருந்தது. எவர் பந்தயமும் நிற்கவில்லை. எந்த வீரரும் வீட்டிலிருக்கவில்லை. தீர்மானத்தால் திபேத்தில் ஒன்றும் மாறவில்லை என்பதும் உண்மை. ஆயினும் அம்மக்கள் ஒரு தனி மக்கள் என்று உலக ஏட்டில் எழுத்தில் நிற்கிறது.

இப்படத்தைப் போற்றுவோர் வழக்கமாகத் தவிர்க்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒளிப்பதிவு முடிந்த மார்ச்சுத் திங்களிலேயே, 10-ஆம் நாள், இலாசாவில் துறவியரின் அமைதி ஊர்வலம் தொடங்கியது; அது தடுக்கப்பட்டது. 14-ஆம் நாள் அது கலவரமாக மாறிற்று. சீனர், முசுலிம்கள் ஆகியோரின் கடைகள் கொளுத்தப்பட்டன. ஒரு துணிக்கடைக்குள் சிக்கிய இளம்பெண்கள் ஐவர் தீயில் மாண்டனர். அதன் பின் வந்த அடக்குமுறையில் இருநூறுக்கு மேற்பட்ட திபேத்தியர் மாண்டதாக நாடு கடந்தோரின் ஆட்சிக் குழு கூறிற்று. இவையொன்றும் படத்தில் இல்லை, இருக்கவும் இயலாது. ஆனால் ஆகஸ்டில் படத்தைப் பார்த்த எவர் மனத்திலும் அத்தீ இருந்தது. மென்மையான குரலில் பேசும் இந்த முதியவர்களை மட்டும் கண்டு, திபேத்தியர் எல்லாரும் பொறுமையின் உருவங்கள் என்று முடிவு கட்டுவது, கலவரக் காட்சியை மட்டும் தன் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டிய சீன அரசின் செயலுக்கு மறுபுறம்.

சீன மக்களின் கருத்தையும் ஒரே வண்ணமாகத் தீட்டக் கூடாது. பாரிசில் சக்கர நாற்காலியில் அமர்ந்து சுடரைக் காத்த வாள்வீச்சு வீராங்கனை சின் சிங், தம் நாட்டில் ஒரே நாளில் வீரமங்கையானார். அதே பெண் சில நாள் கழித்து, பிரெஞ்சு நாட்டுக் கார்ஃபூர் கடைகளைப் புறக்கணிக்க வேண்டாம், அங்கே வேலை செய்வோரும் சீனரே என்று சொன்னதும், துரோகி என்று தூற்றப்பட்டார். மார்ச்சுத் திங்களிலேயே வாங் லிசியோங், லியூ சியாவ்போ முதலிய சீன அறிஞர்கள் கையொப்பமிட்டு, தலாய் லாமாவுடன் நேரே பேசுமாறு தம் அரசை வேண்டிப் பன்னிரண்டு யோசனைகளை வெளியிட்டனர். சுடருக்குப் பின்னால் ஓடிய செய்தியாளர்கள் இந்த ஏட்டின்பின் அவ்வளவு ஓடவில்லை.

கருத்துச் சொல்வதற்கு என்ன விலை என்பதைக் கணக்கில் சேர்க்காமல் கருத்தை எடை போட முடியுமா? இலண்டனில் ஒருவர் அட்டை பிடித்தால் அரை நாள் காவல், மாலையில் வீடு. இங்கே படத்தில் பேசியோரிடம் முகத்தை மறைக்கவா என்று கேட்டபோது, பெரும்பாலோர் வேண்டாம், முகத்தோடே காட்டுங்கள் என்றனர். தோந்துப் வாங்சென் தம் மனைவி மக்களையும் பெற்றோரையும் முன்கூட்டியே இந்தியாவுக்கு அனுப்பி வைத்துவிட்டுத்தான் பணியைத் தொடங்கினார். 2008 மார்ச்சு 26-இல் கைதானார். படம் பெய்ஜிங்கில் ஓடியபோது அவர் சிறையில். 2009 திசம்பர் 28-இல் சினிங் நகர நீதிமன்றம் ஆறாண்டுத் தண்டனை விதித்தது. அவருடைய மனைவி தர்மசாலாவில் ரொட்டி சுட்டு விற்று வாழ்ந்தார். துணைநின்ற கோலோக் ஜிக்மேயும் பிடிபட்டு வதைபட்டார். பின்னர் தப்பி 2014-இல் இந்தியாவை அடைந்தார். தோந்துப் வாங்சென் 2014 சூனில் விடுதலையானார். அதன் பின்னும் கண்காணிப்பில் வாழ்ந்து, 2017 திசம்பர் 25-ஆம் நாள் அமெரிக்காவில் தம் குடும்பத்தாரோடு சேர்ந்தார்.

2022-இல் பெய்ஜிங்கிலேயே குளிர்காலப் பந்தயம் நடந்தபோது, அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் தூதுவரை அனுப்பாமல் வீரர்களை மட்டும் அனுப்பின. வீகர் மக்களின் நிலையே அப்போது முன்னின்ற காரணம். திபேத்து இரண்டாம் வரிசைக்குப் போயிற்று. தூதுவரை நிறுத்தி வீரரை அனுப்பும் இந்த வழி, 1980-இன் வழியைவிட நேர்மையானது என்றே எண்ணுகிறேன். மறுப்பைச் சொன்னது அரசு, சொன்னதற்கான சுமையும் அரசின் தலையில். ஆனால் சிங்காய் மலையிலோ இலாசாத் தெருவிலோ உள்ளவர் அதைப் பற்றி என்ன நினைத்தார் என்று சொல்ல, 2022-க்கு இதுபோல் ஒரு படம் நம் கையில் இல்லை. 2008-க்கு இருக்கிறது, 25 நிமிடம். அதில் இடம் பெறாத எஞ்சிய மணி நேரங்களையும் கேட்டால்தான், அந்த நூற்றெட்டுப் பேரும் ஒரே குரலில் பேசினார்களா, தம்முள் மாறுபட்டார்களா என்று திட்டமாகக் கூற இயலும்.